மனையும் அகமும்: உத்திரமேரூர்க் கல்வெட்டுகளின் வழி ஒரு சொல்லாய்வு

இல், மனை, அகம், வீடு ஆகிய நான்கும் ஒருபொருட் பன்மொழியாகவே பெரிதும் கொள்ளப்படுகின்றன. ஆயினும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இவற்றுள் இரண்டைப் பிரித்து ஆள்கின்றன.

இவற்றுள் 'இல்' திராவிட மொழிகள் பலவற்றிற்கும் பொதுவான தொன்மைச் சொல். தெலுங்கிலும் துளுவிலும் அது 'இல்லு' என வழங்குகிறது. தமிழில் கோவின் இல்லைக் குறித்த 'கோயில்' என்னும் சொல்லில் அது நிலைபெற்றுள்ளது. 'மனை' கன்னடத்தில் 'மனெ' என வீட்டையே குறிக்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயிலில் உள்ள முதற்பராந்தக சோழனின் கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்வுக்குரிய தகுதிகளை விதிக்கின்றன. கால் வேலிக்கு மேல் இறைநிலம் உடையவராதலும், தம் மனையில் அகம் எடுத்து வாழ்பவராதலும் அவற்றுள் அடங்கும். இங்கு மனை என்பது நிலம். அகம் என்பது அந்நிலத்தில் எழுப்பிய குடியிருப்பு. மனையை வீடெனக் கொண்டால், சொந்த மனை, அதில் எடுத்த வீடு என்னும் இருகூறான தகுதி ஒன்றாகச் சுருங்கிவிடும்.

இன்றைய 'வீட்டுமனை' என்னும் வழக்கிலும் மனை நிலமே. அகத்தின் இடத்தை மட்டும், 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்த 'வீடு' பெற்றுள்ளது. அந்தணர் பேச்சில் 'அகத்துக்கு' என்பது 'ஆத்துக்கு' எனத் திரிந்து எஞ்சியுள்ளது.

ஆக, ஆயிரம் ஆண்டுகளில் ஒரு சொல் மாறியுள்ளது. நிலத்தையும் வீட்டையும் பிரித்துணர்த்தும் பொருட்பாகுபாடு மாறவில்லை. கல்வெட்டுச் சொல்லுக்கு அகராதிப் பொருளை அப்படியே ஏற்றாது, அது பயிலும் இடம் நோக்கிப் பொருள் காண்டல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.