உலோகம் கலந்த தண்ணீருக்கு எந்த மெம்பிரேன்?

போர் தண்ணீரில் ஆர்சனிக் இருப்பதாக ஆய்வுக்கூட அறிக்கை சொன்னால், அது ஆர்சனைட்டா ஆர்சனேட்டா, எந்த வடிவில் இருக்கிறது என்பதையும் கேட்டு வாங்குங்கள். விற்க வருபவர் டிடிஎஸ் மீட்டரை முக்கிக் காட்டுவார். குடிநீரில் ஆர்சனிக்குக்கு நம் தரநிர்ணயம் அனுமதிப்பது லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். நூற்றுக்கணக்கில் எண் காட்டும் மீட்டருக்கு அது கண்ணிலேயே படாது.

அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் விலை குறைவு. கலங்கலையும் கிருமியையும் பிடிக்கும். கரைந்த உலோகம் அதில் தாராளமாக நுழைந்துவிடும். உலோகத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

பலரும் ஆர்.ஓ.வை நாடுகிறார்கள். அதன் மெம்பிரேன் பல பாலிமர் அடுக்குகளால் ஆனது: பாலியெஸ்டர் துணி, அதன்மேல் பாலிசல்ஃபோன், அதற்கும் மேல் தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய பாலியமைடு. ஈயம், காட்மியம், குரோமியம் மூன்றையும் பெருமளவு தடுக்கும். ஆர்சனிக்கில்தான் சிக்கல். ஆர்சனைட்டுக்கு மின்னூட்டம் கிடையாது, அதனால் கணிசமாக நழுவிவிடும். முதலில் குளோரின் போட்டு ஆர்சனேட்டாக மாற்ற வேண்டும். அந்தக் குளோரினே பாலியமைடைக் கெடுத்துவிடும் என்பதால் நடுவில் கார்பன் வடிகட்டியும் தேவை. இதைச் சொல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

பாலிஈதர்சல்ஃபோன் போன்ற பாலிமரில் இரும்பு ஆக்சைடோ கிராஃபீன் ஆக்சைடோ பொதித்த மெம்பிரேன்கள் வேறு ரகம். உலோகத்தை ஒட்டவைத்துப் பிடிப்பவை. அழுத்தம் குறைவாகப் போதும், தாது உப்புகளும் தண்ணீரிலேயே தங்கும். ஆனால் ஒட்டுமிடம் நிரம்பினாலும் தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கும், சுவையில் எதுவும் தெரியாது. எத்தனை லிட்டருக்குத் தாங்கும், துகள் கசிகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இந்த வகையில் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கின்றன. சென்னை ஐஐடியில் டி. பிரதீப் குழு உருவாக்கிய அம்ரித் என்ற வடிகட்டுப் பொருள், கைட்டோசானோடு இரும்புச் சேர்மத்தைப் பிணைத்தது. மெம்பிரேன் அல்ல, துகள் படுகை. ஆனாலும் ஆர்சனிக்குக்கு முதலில் விசாரிக்க வேண்டியது அதைத்தான் என்பேன்.

பட்டறைக்காரர்கள் கணக்கு வேறு. குரோம் முலாம் பூசும் பட்டறையின் அலசல் நீரில் பெரும்பாலும் வருவது ஆறு இணைதிறன் குரோமியம். நீர் அமிலமாக இல்லாவிட்டால் நானோ ஃபில்ட்ரேஷன் ஆர்.ஓ.வைவிடக் குறைந்த அழுத்தத்தில் அதைத் தடுக்கும். தோல் பதனிடும் குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது. மக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். அங்கே மெம்பிரேன் செலவு வீண்.

ஆர்.ஓ.வோ நானோவோ, ஒதுக்கும் நீரில் உலோகம் செறிந்திருக்கும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுமேடு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று அந்தப் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரியும். ஒதுக்கும் நீர் எங்கே போகும் என்பதற்கு விலைப்பட்டியலில் ஒரு வரி இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.