புத்தகம் கைப்பேசிக்குள் வந்த கதை

விளக்கு வைத்தாயிற்று. ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் அறிவியல் புத்தகத்தைத் திறந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இந்தப் பாடம் புரியவே இல்லை."

"எங்கே, காட்டு."

அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். "இதயத்தில் நான்கு அறைகள் உள்ளன." படிக்க முடிந்தது. விளக்கிச் சொல்லத்தான் முடியவில்லை. அறை என்றால் வீட்டில் இருக்கும் அறை போலவா? அதற்குக் கதவு உண்டா?

பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. உள்ளே கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள்.

"இது என்ன, கோலம் மாதிரி?"

"அது க்யூஆர் கோடும்மா. செல்போனை இதற்கு நேராகக் காட்டினால் பாடம் படமாக வரும்னு டீச்சர் சொன்னாங்க."

அந்தச் சின்னக் கட்டம் எங்கிருந்து வந்தது? அதைத் தெரிந்துகொள்வோம்.

நம் நாட்டில் பள்ளிப் பாடநூல்களைத் தயாரிக்கும் தேசிய நிறுவனம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் என்.சி.இ.ஆர்.டி. 1961-இல் தொடங்கப்பட்டது. அது தன் புத்தகங்களை இணையதளத்தில் வைத்தது. காசு இல்லாமல் யாரும் படிக்கலாம். 2013-இல் படம், பாட்டு, காணொளி எல்லாம் சேர்ந்த பொதுக் களஞ்சியம் ஒன்றும் இணையத்தில் திறக்கப்பட்டது. அந்தக் களஞ்சியத்தில் உள்ளவை போன்றவற்றைத் திறந்த கல்வி வளம் என்பார்கள். ஊர்ப் பொதுக் கிணறு போல. யாரும் இறைக்கலாம். பிறருக்கும் கொடுக்கலாம். வேறு மொழியில் மாற்றியும் எழுதலாம். யார் ஆக்கியது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கிணறு பொதுதான். ஆனால் வாளி யாரிடம் இருந்தது? கணினி உள்ள வீடுகள் குறைவு. கைப்பேசியோ குடிசைக்கும் வந்துகொண்டிருந்தது. 2015 நவம்பரில் 'இ-பாடசாலை' என்ற செயலி வந்தது. செயலி என்பது கைப்பேசிக்குள் ஒரு வேலைக்காகவே வைத்துக்கொள்ளும் கருவி. ஆப் என்றும் சொல்கிறோம்.

இணையதளம் இருக்கும்போது செயலி எதற்கு? நூலகத்துக்குப் போய்ப் படிப்பது ஒன்று. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வந்து படிப்பது வேறு. செயலியில் பாடத்தை ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால் போதும். பிறகு சிக்னல் இல்லாத இடத்திலும் படிக்கலாம். எழுத்தை இரண்டு விரலால் பெரிதாக்கலாம். புதிதாகப் படிப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் ஒரு குறை இருந்தது. அந்தப் புத்தகங்கள் இந்தி, ஆங்கிலம், உருது மொழிகளில் இருந்தன. தமிழ் வழியில் படிக்கும் குழந்தை என்ன செய்யும்?

2017 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று 'தீக்ஷா' தொடங்கப்பட்டது. முதலில் இது ஆசிரியர்களை மனத்தில் வைத்து வந்தது. இதில் ஒவ்வொரு மாநிலமும் தன் பாடத்தைத் தன் மொழியில் வைக்கலாம். 2018-இல் வந்த தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் இந்தக் கட்டங்கள் அச்சாகி வந்தன. கட்டம் மட்டும் பள்ளிக்காகப் பிறந்தது அல்ல. 1994-இல் ஜப்பானில், கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைக்கக் கண்டுபிடித்தார்கள்!

2020-இல் கொரோனா வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. கைப்பேசி உள்ள வீட்டில் பாடம் நடந்தது. இல்லாத வீட்டில் நின்றுபோனது. அதனால் ஒன்று முதல் பன்னிரண்டு வரை, வகுப்புக்கு ஒரு தொலைக்காட்சி அலைவரிசை தர ஏற்பாடு செய்தார்கள். செயலி எல்லோரையும் எட்டவில்லை என்பதை அந்த ஆண்டு காட்டிவிட்டது.

செயலியை இறக்கும்போது கவனம் வேண்டும். இதே பெயரில் வேறு யாராவது போலியாக வைத்திருக்கலாம். வெளியிட்டவர் யார் என்று படித்துப் பாருங்கள். அரசு தரும் பாடத்துக்குக் காசு கிடையாது. ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். காணொளி நிறைய டேட்டாவைத் தின்னும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு கைப்பேசி. அது அப்பாவிடம் இருந்தது. கட்டட வேலை முடிந்து அவர் எட்டு மணிக்கு வந்தார். செயலியை இறக்கினார்கள். எந்த மொழி என்று அது கேட்டது. அம்மா விரலால் தேடி 'தமிழ்' என்ற எழுத்தைத் தொட்டார். மகள் கைப்பேசியைக் கட்டத்துக்கு நேராகப் பிடித்தாள்.

திரையில் இதயம் துடித்தது. மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. இரத்தம் மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்கியது. நடுவில் வால்வு திறந்து மூடியது.

"கதவு இருக்குதே!" என்றார் அம்மா.

படம் முடிந்தது. அப்பா கைப்பேசிக்குக் கையை நீட்டினார். காலை ஆறு மணிக்கு அவர் வேலைக்குக் கிளம்ப வேண்டும். கைப்பேசியும் கூடவே போய்விடும்.

"கொஞ்சம் இருங்க. இன்னொரு தடவை போடு கண்ணு," என்றார் அம்மா. "நாளைக்கு நீ கேட்டால் நான்தானே சொல்லணும்."