சந்திரதால் கரையில் கூடாரம் போடலாமா?

கேள்வி: இமாசலப் பிரதேசத்தின் சந்திரதால் ஏரிக்கரையில் குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்க ஆசை. மணாலியிலிருந்து ஒரே நாளில் போய்விடலாம் என்கிறார்கள். சரிதானா?
- வாசகர், ஈரோடு

பதில்: போகலாம்தான், ஆனால் அப்படிப் போகாதீர்கள். மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரம். ஏரி சுமார் 4,300. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். விறுவிறுவென்று ஏறினால் அன்றிரவே தலைவலி, குமட்டல் வரலாம். சின்னக் குழந்தைகளுக்கு அதைச் சொல்லவும் தெரியாது. சிம்லா, கல்பா, காசா என்று சுற்றுவழியில் ஏறுங்கள். காசாவில் இரண்டு இரவாவது தங்கினால் உடம்பு பழகும். அதையும் மீறித் தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது; உடனே கீழே இறங்கிவிட வேண்டும்.

கரையில் கூடாரம் போட அனுமதியில்லை. 2005 முதல் அந்த ஏரி, ராம்சர் என்ற சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள ஈரநிலம். முகாம்கள் சற்றுத் தள்ளித்தான் இருக்கின்றன. அங்கிருந்து ஏரிக்குப் போய்வரலாம். இந்தத் தடையை நான் மனதார வரவேற்கிறேன். அந்தக் குளிரில் கழிவுகள் எளிதில் மட்காது.

சமைப்பதாக இருந்தால் சின்ன குக்கரும் கேஸ் அடுப்பும் அவசியம். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. மரங்களே இல்லாத இடம் என்பதால் விறகும் கிடைக்காது; இருக்கிற குத்துச்செடிகளைத் தயவுசெய்து பிடுங்கி எரிக்காதீர்கள். செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம். மழை ஓய்ந்த செப்டம்பர்தான் என் தேர்வு. அப்போதே இரவில் நீர் உறையும், கனமான கம்பளி உடைகள் வேண்டும்.