ஊஞ்சல்: யாருக்கு எவ்வளவு தெரியும்?

'ஃப்ரோஸன்' படத்துல அன்னா பாடிக்கிட்டே சுவர் ஓவியங்களுக்கு முன்னாடி துள்ளிக் குதிப்பாளே, ஞாபகம் இருக்கா? அதுல வர்ற ஊஞ்சல் படம், பிரெஞ்சு ஓவியர் ஃபிராகொனார் 1767 வாக்கில் வரைந்த 'ஊஞ்சல்' ஓவியத்தின் சாயல். அசல், லண்டன் வாலஸ் கலெக்‌ஷன் மியூசியத்தில் இருக்கு.

ரொக்கோகோ பாணிக்கு உதாரணம் கேட்டா பலரும் காட்டுறது இதைத்தான். முந்தைய பரோக் பாணி தேவாலயத்துக்கும் அரண்மனைக்கும் பிரம்மாண்டமா வரைஞ்சது. ரொக்கோகோ வீட்டு அறைக்குள்ள வந்தது. இந்த ஓவியத்தோட உயரமே 81 செ.மீ. தான். கிட்டப் போய் நின்னாத்தான் விஷயம் புரியும்.

எழுத்தாளர் ஷார்ல் கொலேயின் குறிப்பின்படி, ஒரு பிரபு தன் காதலியின் ஊஞ்சலை ஒரு பிஷப் ஆட்டிவிட, அவள் கால்களைப் பார்க்கும் இடத்தில் தன்னை வரையச் சொன்னாராம். முதலில் கேட்கப்பட்ட ஓவியர் துவாயேன் ஒதுங்கிக்கிட்டார். வேலை ஃபிராகொனாரிடம் வந்தது. அவர் பிஷப்பைத் தூக்கிட்டு ஒரு வயசானவரை வெச்சார்.

இப்போ படத்தைப் படிப்போம்.

வலது பக்க நிழலில் பெரியவர் கயிறை இழுக்கிறார். இடது பக்கம் ரோஜாப் புதரில் இளைஞன் கிடக்கிறது அவருக்குத் தெரியாது. அவள் காலிலிருந்து செருப்பு பறக்குது. அந்தக் காலத்து ஓவியங்களில் வெறுங்கால், ஆசைக்கு இசைந்ததன் குறியீடு. மேலே மன்மதன் சிலை உதட்டில் விரல் வெச்சு 'உஷ்' என்கிறது. பெரியவர் பக்கத்துல குட்டி நாய். நாய்னா விசுவாசம். அது மட்டும் குரைக்குது, யாரும் கண்டுக்கலை.

கவனிச்சீங்களா? இதில் யாரும் யாரையும் தொடவே இல்லை. நெருக்கம் முழுக்க ரகசியத்தில் இருக்கு. எல்லாத்தையும் பார்த்துட்ட நாமும் அதில் கூட்டாளி ஆயிடறோம். சிலையின் விரல் நமக்கும் சேர்த்துத்தான்.

பிரபு கேட்டது, தான் பார்த்து ரசிக்க ஒரு பெண். ஆனா வெளிச்சம் மொத்தமும் அவள் மேல. பின்னாடி யார், முன்னாடி யார் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஆட்டம் அவள் கையில்.

ஆனா எவ்வளவு நேரம்? பெண்டுலம் உச்சியில் ஒரு கணம் நின்னு திரும்பும், வேகம் பூஜ்யம். அவளோட சுதந்திரமும் அவ்வளவுதான். அடுத்த நொடி கயிறு அவளைப் பெரியவர்கிட்டயே கொண்டுபோகும். ஃபிராகொனார் வரைஞ்சது அதுக்கு முந்தின கணத்தை.