படிவம் 5 நினைவுப் படம்: முகம் ஏன் கறுத்துப் போகிறது?

எஸ்.பி.எம். நெருங்கும்போது படிவம் 5 மாணவர்கள் பள்ளித் தாழ்வாரத்திலும் திடலிலும் நின்று ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொள்வது வழக்கம். அவற்றுள் ஒன்று வீட்டு முன்னறைச் சுவரில் பல ஆண்டுகள் தொங்கும். ஆனால் படத்தைப் பார்த்ததும் பலர் சொல்வது, "நான் ரொம்பக் கறுப்பா விழுந்திட்டேன்" என்பதுதான். அடுத்த நிமிடமே தோலை வெளுப்பாக்கும் செயலியைத் தேடுவார்கள்.

மாணவர்களே, குறை உங்கள் தோலில் இல்லை. ஒளியை அளந்த முறையில் இருக்கிறது. பாடநூலில் படிக்கும் ஒளியியலைக் கொண்டே இதைச் சரிசெய்யலாம்.

கேமரா எப்படி அளக்கிறது?

கேமராவுக்குச் சட்டை எது, முகம் எது என்று இயல்பாகத் தெரியாது. பொருள்கள் பிரதிபலிக்கும் ஒளியை அளந்து, காட்சியின் சராசரி வெளிச்சம் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குச் சமம் என்று அது எடுத்துக்கொள்கிறது. இதனால்தான் படக்கலைஞர்கள் 18 விழுக்காடு ஒளியைப் பிரதிபலிக்கும் சாம்பல் அட்டையை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

இப்போது பள்ளிச் சீருடையை நினைத்துப் பாருங்கள். வெளுத்த வெள்ளைச் சட்டை தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். கேமரா, "வெளிச்சம் மிகுந்துவிட்டது" என்று கணித்து, உள்ளே விடும் ஒளியைக் குறைக்கும். வெள்ளைச் சட்டை சாம்பலாகும். அதைவிட மிகக் குறைவான ஒளியைப் பிரதிபலிக்கும் கறுத்த முகம் இருளில் மூழ்கிவிடும். பின்னால் வெளிறிய வானமோ வெள்ளைச் சுவரோ இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இக்காலக் கைப்பேசிகள் பலவும் முகத்தை அடையாளம் காண்கின்றன. ஆனாலும் பின்னணி மிகப் பிரகாசமாக இருந்தால் அவையும் தடுமாறும். இதற்குத் தீர்வு எளிது. திரையில் முகத்தின் மேல் விரலை வைத்துத் தொடுங்கள். தோன்றும் சூரியக் குறியை மேலே நகர்த்தி, கன்னத்தின் நிறம் நேரில் தெரிவதைப் போல வரும்வரை வெளிச்சத்தைக் கூட்டுங்கள். வெளிர் நிறத் தோழரும் கறுத்த தோழரும் சேர்ந்து நின்றால், கறுத்த முகத்துக்கே அளவெடுங்கள். இருவரும் நிழலில் நின்றால் வெளிர் முகமும் கெடாது.

இது பழைய கதை

1950-களில் கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்க, 'ஷெர்லி அட்டை' எனப்பட்ட படங்களை ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பியது. அதில் இருந்தவர் வெள்ளைத் தோல் கொண்ட பெண். அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கருதப்பட்டது. கறுத்த தோலின் நுணுக்கங்கள் பதியாமல் போயின. கனடிய ஆய்வாளர் லோர்னா ரோத் இந்த வரலாற்றைத் தொகுத்திருக்கிறார். மரச்சாமான்களின் அடர் நிறங்களும் சாக்லெட் வகைகளும் படத்தில் வேறுபாடின்றித் தெரிகின்றன என்று அவற்றைச் செய்த நிறுவனங்கள் முறையிட்டதும் படச்சுருளைத் திருத்தத் தூண்டிய காரணங்களுள் ஒன்று என்கிறார் அவர். 1990-களில்தான் பல நிறத்தவரும் இடம்பெற்ற அட்டை வந்தது. ஆகவே கருவியும் மனிதர் வகுத்த அளவின்படியே பார்க்கிறது.

உச்சி வெயில் எப்போது?

மலேசியக் கடிகாரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைப் பின்பற்றுகிறது. செனாவாங்கோ ஏறத்தாழ 102 பாகையில் உள்ளது. வேறுபாடு 18 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் 72 நிமிடம். எனவே இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1.12 வாக்கில், மாதத்துக்கு மாதம் கால் மணி நேரம் வரை முன்பின் மாறும். காலைப் பள்ளி விடும் வேளையும் ஏறக்குறைய அதுதான். அப்போது திடலில் நின்றால் புருவத்தின் நிழல் கண்குழியில் விழும்.

தாழ்வாரத்தின் ஓரத்தில், வெளியே பார்த்தபடி நில்லுங்கள். கூரை மேலிருந்து வரும் நேரடி ஒளியைத் தடுக்கும். திறந்த பக்கம் முழுவதும் ஒரு பெரிய ஒளிமூலமாகும். ஒளிமூலம் பெரிதாக இருந்தால் நிழலின் விளிம்பு மென்மையாகும். செம்பனை மரத்தடி நிழல்தானே என்று அங்கே போக வேண்டாம். ஓலைகளுக்கிடையே விழும் வெயில் முகத்தில் திட்டுத்திட்டாகப் படியும். இலையில் பட்டு வரும் ஒளி பச்சைச் சாயலையும் சேர்க்கும்.

எவ்வளவு தூரம்?

மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே 12 செ.மீ. என்று கொள்வோம். கைப்பேசி மூக்கிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் இருந்தால் காது 42 செ.மீ. தூரத்தில் இருக்கும். 42 ÷ 30 = 1.4. காதோடு ஒப்பிட மூக்கு 1.4 மடங்கு பெரிதாகப் பதியும். 150 செ.மீ. தள்ளி நின்றால் 162 ÷ 150 = 1.08 மட்டுமே. 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கணிப்பும் இதையே காட்டியது: 30 செ.மீ. தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு, 1.5 மீட்டரில் எடுத்ததைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகத் தெரியும். ஆகவே கையை நீட்டித் தானே எடுப்பதைவிட, தோழரிடம் கைப்பேசியைக் கொடுத்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

வெள்ளைச் சட்டை அணிந்த தோழரைத் தாழ்வாரத்தில் நிறுத்துங்கள். அழகூட்டும் வசதிகளை அணைத்துவிடுங்கள். முதல் படத்துக்குத் திரையில் சட்டையைத் தொடுங்கள். இரண்டாவதற்கு முகத்தைத் தொடுங்கள்.

தற்சார்பு மாறி: தொடும் இடம்.
சார்பு மாறி: படத்தில் முகத்தின் வெளிச்சம்.
கட்டுப்படுத்தப்பட்ட மாறி: நிற்கும் இடம், தூரம், நேரம்.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தோழரின் தோல் மாறவில்லை; அளவெடுத்த இடம்தான் மாறியது. வெளுப்பாக்கும் செயலி, கேமரா பதியத் தவறியதை மீட்டுத் தருவதில்லை. உங்கள் முகத்தில் இல்லாத ஒரு நிறத்தை அதன்மேல் பூசுகிறது. சுவரில் மாட்டும் படத்தில் இருக்க வேண்டியது உங்கள் சொந்த நிறம்.

சிந்தியுங்கள்

கறுப்பு உடை அணிந்தவரைக் கறுப்புத் திரையின் முன் நிறுத்தி, கேமரா முழுக் காட்சியின் சராசரியையும் அளக்கும்படி விட்டால், முகம் எப்படி வரும்? காரணத்தை எழுதுங்கள்.