தாளை வெட்டித் தூவும் கைங்கர்யம்

எம்பெருமான் உகக்கும் கைங்கர்யங்கள் எண்ணிறந்தவை. திருமாலை தொடுத்தலும், திருவிளக்கேற்றுதலும், கோலமிடுதலும் நம் திவ்யதேசங்களில் யாவரும் அறிந்தவை. கண்ணன் வளர்ந்தருளிய விரஜபூமியில், தாளும் சிறு கத்தரியும் கொண்டு செய்யும் கைங்கர்யம் ஒன்று உண்டு. அதற்கு ஸாஞ்ஜீ என்று பெயர்.

ஸந்த்யா என்னும் வடசொல்லின் திரிபே ஸாஞ்ஜீ என்பர். மாலைப் பொழுதில் ராதிகாதேவி தோழியரோடு மலர் கொய்து, கண்ணன் மகிழச் சித்திரம் அமைத்தாள் என்பது அந்நாட்டு ஐதிஹ்யம். சிற்றூர்க் கன்னியர் சுவரில் கோமயத்தாலும் மலராலும் உருவம் அமைத்து வழிபடுவதும் இப்பெயராலேயே வழங்கும். கோயில்களிலோ அது துளைத்த தாளின் வழியே வண்ணப்பொடி தூவும் நுண்கலையாக வளர்ந்தது. மஹாளய பக்ஷமே அதற்குரிய காலம்.

நெல் மூட்டைகளின்மேல் பெயர் பொறிக்கத் துளையிட்ட தகரம் வைத்து மை தடவுவதை நாம் கண்டிருக்கிறோம். ஸாஞ்ஜீயின் தத்துவமும் அதுவே. வெட்டி நீக்கிய இடத்தில் வண்ணம் விழும். விட்டுவைத்த இடம் மறைக்கும். ஆயினும் இங்கே ஒரு நுட்பம் உண்டு. கண்ணனுடைய திருமுகத்தின் வெளிக்கோட்டை முழுவதும் சுற்றி வெட்டிவிட்டால், நடுவிலுள்ள தாள் தனியே கழன்று விழும். ஆகவே ஆங்காங்கே மெல்லிய இணைப்புகளை விட்டே வெட்டவேண்டும். மயிலிறகாயினும் மரக்கிளையாயினும், இணைப்பும் சித்திரத்தின் அங்கமாகவே தோன்றும்படி அமைப்பவனே தேர்ந்தவன். எதை வெட்டுவது என்பதைவிட எதை விடுவது என்பதே அரிய கல்வி.

சமன்செய்த மண்வேதிகையின்மேல் தாளை வைத்து, உலர்ந்த வண்ணப்பொடியை மெல்லிய துணியில் இட்டுச் சலிப்பர். திருமேனிக்கு ஒரு தாள், பீதாம்பரத்திற்கு ஒரு தாள், திருவாபரணங்களுக்கு வேறொரு தாள் என ஒரே உருவத்திற்குப் பல தாள்கள் வேண்டும். முன் தூவிய பொடி கலையாதபடி அடுத்த தாளை வைத்து எடுக்கவேண்டும். எடுக்கும்போது கை சற்றே நடுங்கினாலும் பல நாழிகை உழைப்பு வீணாகும். நீரின் மேற்பரப்பில் பொடி தூவிச் சித்திரம் அமைக்கும் முறையும் அங்கே உண்டு.

இக்கைங்கர்யம் சிறந்து விளங்கும் தலங்களுள் பிருந்தாவனத்து ஸ்ரீராதாரமணர் திருக்கோயில் ஒன்று. 1542-ஆம் ஆண்டில் ஸாளக்ராமத்தினின்று ஆவிர்பவித்தவர் என்று போற்றப்படும் இப்பெருமானை ஆராதித்த கோபாலபட்ட கோஸ்வாமி, நம் திருவரங்கத்து அர்ச்சகர் குடியில் வேங்கடபட்டரின் திருக்குமாரராகத் தோன்றியவர். ஸ்ரீசைதன்யர் தென்னாட்டு யாத்திரையில் சாதுர்மாஸ்யம் அநுஷ்டித்தது அவர்கள் திருமாளிகையிலேயே என்று அந்த ஸம்பிரதாயத்தார் கூறுவர். காவிரிக்கரையிலிருந்து சென்றவர் யமுனைக்கரையில் நிலைநாட்டிய அத்திருக்கோயிலில், கோஸ்வாமிகள் தம் கைகளாலேயே ஸாஞ்ஜீ அமைக்கும் வழக்கம் உண்டு.

மாலையில் அடியார்கள் சேவித்தபின், அச்சித்திரம் கலைக்கப்பட்டு, பொடி யமுனையில் சேர்க்கப்படும். மிஞ்சுவது வெட்டிய தாள் மட்டுமே. அதைக் கொண்டு மறுபடியும் சித்திரம் அமைக்கலாம். ஆனால் எந்தத் தாளுக்குப் பின் எந்தத் தாள், எந்த வண்ணம் எவ்வளவு என்பதைத் தாள் சொல்லாது. அதை ஆசானிடம் இருந்தே கற்கவேண்டும். இன்று ஸாஞ்ஜீத் தாள்கள் கண்ணாடிச் சட்டமிட்டு இல்லங்களை அலங்கரிக்கின்றன. தாள் வெட்டுவோர் அதனால் பிழைப்பது நன்றே. எனினும், வேதிகையின் அருகில் அமர்ந்து பொடி சலிக்க இளைஞர் வாராவிடில், தாள்கள் இருந்தும் கைங்கர்யம் இராது.

ஓலைச்சுவடி இருந்தும் ஓதுவிப்பார் இல்லையேல் பாடம் நில்லாது. நம் ஸந்நிதிகளில் மாலை கட்டுவோரிடமும், மடைப்பள்ளியில் தளிகை செய்வோரிடமும், வாகனம் அலங்கரிப்போரிடமும் உள்ள வித்தைகளும் இவ்வகையினவே. திருவிழா சேவிக்க வந்த அன்பர்கள் தம் பிள்ளைகளை அவர்கள் அருகில் சிறிது நேரம் அமரச் செய்வாராக. ஒரு பிள்ளையேனும் அவ்வித்தையைக் கைக்கொள்ளுமாயின், அதுவே எம்பெருமான் உகக்கும் காணிக்கை.