வந்தவரும் சென்றவரும்

நுழையும்முன்

ஒரு நாட்டின் மக்கள்தொகை, பிறப்பையும் இறப்பையும் கூட்டிக் கழித்துப் பெறும் எண் மட்டும் அன்று. வந்தோரும் சென்றோரும் மீண்டோரும் சேர்ந்தே அந்த எண்ணை ஆக்குகின்றனர். மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானா, அயல்நாட்டு உழைப்பாளர்களை வரவேற்றது. பின்னர் அவர்களை வெளியேற்றியது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, அதன் மக்களே வேறொரு நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டனர். புலம்பெயர்வைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான பாடம் அரிது.

நிலமும் மழையும்

கினி வளைகுடாவின் கரையில் அமைந்துள்ள கானா, 1957 மார்ச் 6-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. அதன் தென்பகுதி காடும் கடலும் சார்ந்தது. ஆண்டுக்கு இருமுறை மழைப்பருவம் காண்பது. வடபகுதியோ புல்வெளி நிலம். அங்கு ஆண்டுக்கு ஒரு மழைப்பருவமே உண்டு. எஞ்சிய மாதங்களில் வயல்களில் வேலை இராது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் சுரங்கங்கள், இருப்புப்பாதைகள், துறைமுகங்கள் ஆகியன தெற்கிலேயே அமைந்தன. வடக்கு, அவற்றுக்கு ஆள் அனுப்பும் பகுதியாகவே வைக்கப்பட்டிருந்தது. மழையின் வேறுபாடும் ஆட்சியின் பாகுபாடும் சேர்ந்து, வடக்கிலிருந்து தெற்கு நோக்கிய வழியை வகுத்தன. இன்றும் மக்கள் அவ்வழியே செல்கின்றனர்.

கோக்கோ அழைத்த கைகள்

டெட்டே குவார்ஷி என்பவர் பெர்னாண்டோ போ தீவிலிருந்து கொணர்ந்த கோக்கோ விதைகளை 1879-இல் மாம்போங் என்னும் ஊரில் பயிரிட்டார். அடுத்த முப்பது ஆண்டுகளில், அன்று கோல்டு கோஸ்ட் என அழைக்கப்பட்ட அந்நாடு, உலகில் மிகுதியாகக் கோக்கோ விளைவிக்கும் நாடாக உயர்ந்தது. இவ்வளர்ச்சியே ஒரு புலம்பெயர்வின் விளைவுதான். அக்குவாபெம் குன்றுகளில் வாழ்ந்த உழவர்கள் குழுவாகப் பணம் திரட்டி, தொலைவில் இருந்த காட்டு நிலங்களை விலைக்கு வாங்கிக் குடிபெயர்ந்தனர். பாலி ஹில் என்னும் ஆய்வாளர் 1963-இல் வெளியிட்ட நூலில் இவ்வரலாற்றை விரிவாக எடுத்துரைத்துள்ளார்.

தோட்டங்கள் பெருகவே, உழைக்கும் கைகளும் தேவைப்பட்டன. கானாவின் வடபகுதியிலிருந்தும், இன்று புர்கினா பாசோ எனப்படும் மேல் வோல்டாவிலிருந்தும், நைஜர், டோகோ நாடுகளிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தனர். விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கைத் தோட்டக் காவலருக்கு அளிக்கும் வாரமுறை 'அபுசா' எனப்பட்டது. நைஜீரியாவின் யொருபா மக்கள் சிறு வணிகர்களாகச் சிற்றூர்தோறும் கடை விரித்தனர்.

1960-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கானாவில் 67 இலட்சம் மக்களைக் கணக்கிட்டது. அவர்களுள் ஏறத்தாழ 12 விழுக்காட்டினர், அதாவது எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர், அயல்நாட்டு வழிவந்தோராகப் பதிவு பெற்றனர். அவர்களுள் ஒரு பகுதியினர் கானாவிலேயே பிறந்தவர்கள். பெற்றோரின் பூர்வீகத்தைக் கொண்டு அயலாராக எண்ணப்பட்டவர்கள்.

இருவாரக் கெடு

1960-களின் நடுவில் உலகச் சந்தையில் கோக்கோ விலை சரிந்தது. நாட்டின் கடன் பெருகியது. நகரங்களில் வேலையின்மை வளர்ந்தது. துன்பத்துக்குக் காரணம் தேடியவர்களின் பார்வை அயலார்மீது விழுந்தது. 1969 அக்டோபரில் கோஃபி புசியாவின் தலைமையில் புதிய அரசு பொறுப்பேற்றது. புசியா சமூகவியல் பேராசிரியர். நகரில் குடியேறியோரின் வாழ்வை நேரில் ஆராய்ந்து நூல் எழுதியவர். அவருடைய அரசே 1969 நவம்பர் 18-இல் ஓர் ஆணை பிறப்பித்தது. குடியிருப்பு உரிமச்சீட்டு இல்லாத அயல்நாட்டார் அனைவரும் இரண்டு வாரங்களுக்குள் அதனைப் பெற வேண்டும். இல்லையேல் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்பதே அவ்வாணை.

எழுதப்படிக்கத் தெரியாத தோட்டத் தொழிலாளிக்கு உரிமச்சீட்டு என்பதே புதுச்சொல். தலைமுறைகளாக வாழ்ந்தவர்களிடமும் அதற்கான ஆவணங்கள் இல்லை. வணிகர்கள் சரக்கைக் கிடைத்த விலைக்கு விற்றனர். கடன் கொடுத்தவர்கள் அதனைத் திரும்பப் பெற இயலாமல் கைவிட்டனர். இலட்சக்கணக்கானோர் எல்லையைக் கடந்தனர். அவர்கள் சென்றபின் கோக்கோத் தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. சிற்றூர்ச் சந்தைகளில் பண்டங்கள் குறைந்தன. எதிர்பார்த்த வளமோ வரவில்லை.

திசை மாறிய பயணம்

1970-களில் கானாவின் பொருளாதாரம் மேலும் நலிந்தது. விலைவாசி உயர்ந்தது, ஊதியத்தின் மதிப்பு தேய்ந்தது. அதே காலத்தில் நைஜீரியாவில் எண்ணெய் வளம் பெருகியது. பள்ளிகளும் சாலைகளும் மருத்துவமனைகளும் அங்கே விரைந்து எழுந்தன. அவற்றுக்கு ஆசிரியரும் கொத்தரும் செவிலியரும் தேவைப்பட்டனர். முன்பு நைஜீரியரை வெளியேற்றிய நாட்டின் மக்கள் இப்போது நைஜீரியாவை நாடிச் சென்றனர். கானாவின் வகுப்பறைகள் பயிற்சி பெற்ற ஆசிரியர்களை இழந்தன. லேகோஸ் நகரின் வகுப்பறைகள் அவர்களைப் பெற்றன.

இப்பயணங்களுக்குச் சட்டத்தின் துணையும் கிட்டியது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு 1975-இல் தோன்றியது. 1979-இல் உறுப்பு நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை, ஒரு நாட்டின் குடிமக்கள் மற்றோர் உறுப்பு நாட்டில் நுழைவு இசைவின்றி 90 நாள் தங்க வழிவகுத்தது. ஆயினும் பலர் அவ்வரம்பைக் கடந்தும் தங்கி உழைத்தனர். வேலை பெருகியிருந்தவரை அதனை எவரும் பொருட்படுத்தவில்லை.

திரும்பி வந்த பத்து இலட்சம்

1980-களின் தொடக்கத்தில் எண்ணெய் விலை வீழ்ந்தது, நைஜீரியாவில் வேலையின்மை தலைதூக்கியது, பொதுத்தேர்தலும் நெருங்கியது. 1983 ஜனவரி 17-இல், குடியரசுத் தலைவர் ஷேஹு ஷகாரியின் அரசு, உரிமச்சீட்டு இல்லாத அயல்நாட்டார் வெளியேற வேண்டும் என அறிவித்தது. பெரும்பாலோருக்குக் கிடைத்த காலம் இரண்டு வாரங்களே. 1969-இல் கானா விதித்த கெடுவும் அதுவே.

ஏறத்தாழ 20 இலட்சம் பேர் வெளியேற்றப்பட்டனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் கானா மக்கள் என்றும் மதிப்பிடப்படுகிறது. கானாவுக்குச் செல்லும் தரைவழி பெனின், டோகோ ஆகிய நாடுகளைக் கடந்தே செல்கிறது. கானா அரசு தன் கிழக்கு எல்லையை முன்னரே மூடியிருந்தது. அகதிகள் தம் மண்ணில் தேங்கிவிடுவர் என அஞ்சி இடைப்பட்ட நாடுகளும் எல்லைகளை அடைத்தன. சாலையோரங்களிலும் துறைமுகத்திலும் மக்கள் உணவும் நீருமின்றிக் காத்துக் கிடந்தனர். ஜனவரி இறுதியில் ஜெர்ரி ராலிங்ஸ் தலைமையிலான கானா அரசு எல்லையைத் திறந்த பின்னரே வழி பிறந்தது.

அவர்கள் திரும்பி வந்த ஆண்டு கொடிய பஞ்ச ஆண்டு. மழை பொய்த்தது, காட்டுத்தீ கோக்கோத் தோட்டங்களை எரித்தது, உணவுத் தட்டுப்பாடு நாடெங்கும் நிலவியது. பசியால் துருத்திய கழுத்தெலும்பை மக்கள் 'ராலிங்ஸ் சங்கிலி' என்று கசப்புடன் குறிப்பிட்டனர். இந்நிலையில், நாட்டு மக்களில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒருவர் என்னும் அளவுக்குப் புதியவர்கள் வந்து சேர்ந்தனர். ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர் முகாம்களில் நெடுங்காலம் தங்கவில்லை. சில வாரங்களுக்குள் தத்தம் ஊர்களை அடைந்தனர். அகான் மக்களிடையே நிலம் தாய்வழிக் குடிக்குப் பொதுவானது. பல ஆண்டுகள் பிரிந்திருந்தவரும் அக்குடியின் உறுப்பினரே. ஆதலால், உண்ண உணவு குறைந்திருந்தபோதும் உழுவதற்கு நிலமும் ஒதுங்குவதற்குக் கூரையும் கிடைத்தன. 1984-இல் மழை மீண்டது. மக்காச்சோளம் செழித்து விளைந்தது. அவ்வாண்டுக் கணக்கெடுப்பில் கானாவின் மக்கள்தொகை 1 கோடியே 23 இலட்சமாகப் பதிவாயிற்று. ஓராண்டுக்கு முன் எல்லையில் காத்துக் கிடந்தவர்களும் அந்த எண்ணுள் அடக்கம்.

தெரிந்து தெளிவோம்

சிவப்பும் நீலமும் வெள்ளையும் கலந்த கட்டமிட்ட பெரிய நெகிழிப் பைகளில் தம் உடைமைகளை அடைத்துக்கொண்டு மக்கள் 1983-இல் நைஜீரியாவை விட்டு வெளியேறினர். அப்பைக்கு 'கானா வெளியேற வேண்டும்' என்னும் பொருள்படும் பெயர் வழங்கலாயிற்று. இன்றும் மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் அப்பை அப்பெயராலேயே விற்கப்படுகிறது.

நாட்டுக்குள் நகரும் மக்கள்

புலம்பெயர்வு எல்லை கடந்து மட்டும் நிகழ்வதில்லை. 1965-இல் அகோசோம்போ அணை கட்டி முடிக்கப்பட்டபோது, வோல்டா ஆறு பேரேரியாக விரிந்தது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் நீரில் மூழ்கின; ஏறத்தாழ 80,000 பேர் தம் ஊர்களை இழந்து புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். நாடு மின்னாற்றல் பெற்றது. அதற்கான விலையை ஆற்றங்கரை மக்கள் கொடுத்தனர்.

இன்று வடபகுதியின் இளம்பெண்கள் பலர் அக்ரா, குமாசி நகரச் சந்தைகளில் சுமைதூக்கிகளாக உழைக்கின்றனர். தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் அகன்ற உலோகத் தாம்பாளத்தில் பிறர் வாங்கிய பொருள்களைச் சுமந்து செல்லும் இவர்களுக்குக் 'கயாயே' என்று பெயர். 'கயா' என்பது சுமையைக் குறிக்கும் ஹௌசா மொழிச் சொல். 'யே' என்பது பெண்களைக் குறிக்கும் கா மொழிச் சொல். வடக்கின் மொழியும் தெற்கின் மொழியும் ஒரு பெயருக்குள் இணைந்துள்ளன. ஆனால், அப்பெண்களுக்கு நகரம் உறுதியான இருப்பிடத்தைத் தருவதில்லை. பலர் கடை வாயில்களிலும் நெருக்கடியான குடிசைகளிலும் உறங்குகின்றனர். ஈட்டிய சிறுதொகையில் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்புகின்றனர். தையல் இயந்திரமோ பாத்திரங்களோ வாங்கிச் சேர்த்து ஊர் திரும்புவதே பலரின் எண்ணம்.

எண்கள் உரைப்பவை

2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கானாவின் மக்கள்தொகை 3 கோடியே 8 இலட்சம். அறுபது ஆண்டுகளில் நான்கரை மடங்குக்கு மேல் உயர்ந்துள்ள போதிலும், வளர்ச்சியின் வேகம் குறைந்து வருகிறது. 2010-க்கும் 2021-க்கும் இடையே ஆண்டு வளர்ச்சி 2.1 விழுக்காடு மட்டுமே. பெண் ஒருவர் சராசரியாக ஈனும் குழந்தைகளின் எண்ணிக்கை 1988-இல் 6.4 ஆக இருந்தது. 2022-இல் அது 3.9 ஆகக் குறைந்தது. கல்வி, நகர வாழ்வு, குழந்தை இறப்பின் குறைவு ஆகியன இதற்குக் காரணங்கள்.

1960-இல் நால்வருள் ஒருவர்கூட நகரத்தில் வாழவில்லை. 2021-இல் நகரவாசிகள் 56.7 விழுக்காட்டினர். தலைநகரை உள்ளடக்கிய பெருநகர் அக்ரா மண்டலம், நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த அசாந்தி மண்டலத்தை மக்கள்தொகையில் விஞ்சியது. மக்களுள் 35 விழுக்காட்டினர் பதினைந்து வயதுக்கு உட்பட்டோர். இவ்விளைஞர்கள் வேலை தேடும் காலத்தில் உள்நாட்டில் வாய்ப்பு அமையாவிடின், அவர்களும் முன்னோர் சென்ற வழியையே மேற்கொள்வர்.

இவ்வெண்களுக்குப் பின்னே ஓர் உண்மை புலப்படுகிறது. விருந்தளித்த நாடு, விருந்தாகச் செல்லும் நாடாக மாறுவதற்கு ஒரு தலைமுறைக் காலம்கூடத் தேவைப்படவில்லை. கோக்கோ விலையும் எண்ணெய் விலையும் எங்கோ வரையறுக்கப்பட்டன. அவற்றின் சரிவுக்கோ உழைக்க வந்தவர்கள் பழி சுமந்தனர். வெளியேற்றிய இரு நாடுகளும் அதனால் வறுமை நீங்கப் பெறவில்லை. வெளியேற்றப்பட்டோரைக் காத்தவை, அவர்களைத் தம்மவர் என ஏற்ற ஊர்களே. அயலார் என ஒருவரைக் கணக்கேட்டில் குறிக்கும் கை, நாளை தன் பெயரும் வேறொரு நாட்டின் ஏட்டில் அவ்வாறே குறிக்கப்படலாம் என்பதை மறத்தல் கூடாது.

சொல்லும் பொருளும்

வாரம் – விளைச்சலில் பெறும் பங்கு
கெடு – குறித்த காலவரம்பு
சும்மாடு – சுமை தாங்கத் தலையில் வைக்கும் துணிச்சுருள்
விஞ்சுதல் – மிஞ்சுதல்

கற்பவை கற்றபின்

உங்கள் ஊருக்கு வேலை தேடி வந்தவர்கள், உங்கள் ஊரிலிருந்து வேலை தேடிச் சென்றவர்கள் ஆகியோரின் பயணக் காரணங்களைக் கேட்டறிந்து ஒப்பிட்டு எழுதுக.

மதிப்பீடு

குறுவினா
1. 'அபுசா' என்பது யாது?
2. 'கயாயே' என்னும் பெயர் அமைந்த விதத்தைக் குறிப்பிடுக.

சிறுவினா
1. 1979-ஆம் ஆண்டு உடன்படிக்கை இருந்தும் 1983-இல் வெளியேற்றம் நிகழ்ந்தமைக்கான காரணங்களை எழுதுக.
2. திரும்பி வந்தோரைக் கானாவின் ஊர்கள் ஏற்றுக்கொண்டமைக்கு நில உரிமை முறை எவ்வாறு துணைநின்றது?

நெடுவினா
1969, 1983 ஆகிய ஆண்டுகளின் வெளியேற்றங்களை ஒப்பிட்டு, அவை உணர்த்தும் கருத்தைத் தொகுத்துரைக்க.